சாக்ஸேயின் நாற்காலி

பத்தாவதோடு கெமிஸ்ட்ரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு காமர்ஸ் பக்கம் ஒதுங்கிய மக்களே, பயப்பட வேண்டாம். இதில் ஃபார்முலா கிடையாது. ஒரு நாற்காலி வரும், ஒரு ஃபேன் வரும், சிறைக்குப் போன ஒரு புரொபசர் வருவார். கொஞ்சம் புதினா வாசனையும் அடிக்கும்.

ஹாஸ்டலில் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படிக்கும் யாருடைய நோட்டையாவது வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அறுகோணம் இருக்கும். ஏதோ ஒரு பக்கத்தில் மட்டும் அந்த அறுகோணம் கோணிக்கொண்டு, ஒரு முனை தூக்கி மறு முனை தாழ்ந்து, தாத்தாக்கள் திண்ணையில் போட்டுச் சாயும் ஈஸி சேர் மாதிரி ஆகியிருக்கும். என்னடா இது என்று கேட்டால், "சேர் கன்ஃபர்மேஷன்டா, ரெண்டு மார்க்" என்று பதில் வரும். அந்த இரண்டு மார்க் விஷயம் உலகத்துக்கு உறைக்க அறுபது வருடம் பிடித்தது. முதலில் சொன்ன மனிதர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கதை 1885-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அடால்ஃப் வான் பேயர் அப்போது கரிம வேதியியலின் சூப்பர் ஸ்டார். ஆளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜீன்ஸுக்கு ஏற்றுகிற நீலச் சாயம் இண்டிகோ, அதாவது நம் ஊரில் அவுரிச் செடியை ஊறப்போட்டு எடுத்தார்களே அதே நீலம், அதன் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று 1883-ல் சொன்னவர். பின்னால் 1905-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள். நான்கும் ஒன்றைவிட்டு ஒன்று முடிந்த அளவுக்கு விலகி நிற்கும். எந்த இரண்டு கைகளை எடுத்தாலும் நடுவில் சுமார் 109.5 டிகிரி. பேயர் கேட்டது எளிமையான கேள்விதான். கார்பன்கள் கைகோர்த்து வட்டமாக நின்றால் இந்தக் கோணம் என்ன ஆகும்? மூன்று பேர் நின்றால் முக்கோணம், 60 டிகிரி. நான்கு பேருக்கு 90. ஐந்து பேருக்கு 108, கிட்டத்தட்ட சரி. ஆறு பேர் என்றால் 120, கொஞ்சம் கூடுதல். ஆள் சேரச் சேர இன்னும் கூடுதல். கோணம் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு இறுக்கம், இறுக்கம் கூடினால் வளையம் நிலைக்காது என்றார். மூன்று கார்பன் வளையம் சட்டென்று உடைவதை இந்தக் கணக்கு அழகாக விளக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் ஆறு கார்பன் வளையம், அதாவது சைக்ளோஹெக்சேன், பேயர் சொன்னபடி கேட்கவில்லை. அதில் இறுக்கம் என்பதே இல்லாத மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. பெரிய வளையங்கள் உருவாகவே முடியாது என்ற நினைப்பும் பிற்பாடு உடைந்தது. 1926-ல் லியோபோல்ட் ருசிச்கா, புனுகின் வாசனைப் பொருளில் 17 கார்பன் வளையமும் கஸ்தூரியின் வாசனைப் பொருளில் 15 கார்பன் வளையமும் இருப்பதைக் காட்டினார். கோயிலில் சாமிக்குச் சாத்தும் புனுகு ஒரு பெரிய புரொபசரின் தியரிக்கு எதிர் சாட்சியாக வந்து நின்றது யாரும் எதிர்பார்க்காத ட்விஸ்ட்.

பேயரின் கணக்கில் தப்பு இல்லை. கணக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த அனுமானத்தில்தான் தப்பு. வளையம் என்றால் தட்டையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். பேப்பர் தட்டை, கரும்பலகை தட்டை, அதில் வரைந்த வளையமும் தட்டை. வரைந்த படத்தையே பொருள் என்று நம்பிவிடுவது கெமிஸ்ட்ரிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. பேலன்ஸ் ஷீட் படிப்பவர்களுக்கும் வரும்.

இந்த இடத்தில்தான் ஹெர்மன் சாக்ஸே வருகிறார். 1862-ல் பிறந்தவர், பெர்லினில் வேலை. 1890-ல், முப்பது வயதுகூட ஆகாதபோது, ஒரு கட்டுரை எழுதினார். ஆறு கார்பன் வளையம் தட்டையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிலதை மேலே தூக்கி, சிலதைக் கீழே இறக்கினால் எல்லாக் கோணமும் 109.5-லேயே நிற்கும், இறுக்கமே இருக்காது. அப்படி மடக்க இரண்டு வழி. ஒன்றை இன்று நாற்காலி என்கிறார்கள், இன்னொன்றைப் படகு என்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே மடக்கிப் பார்க்கட்டும் என்று பேப்பர் மாடல் செய்யும் வழியையும் கொடுத்தார்.

ஒருவரும் அசையவில்லை. 1892-ல் இன்னும் விரிவாக, இன்னும் நிறைய டிரிக்னாமெட்ரி போட்டு, இன்னொரு கட்டுரை எழுதினார். அதற்கும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1893-ல் தன் 31-வது வயதில் இறந்துபோனார். அவ்வளவுதான் அவர் கதை.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும் பேயரை வில்லனாக்கி, சாக்ஸேயைத் தியாகியாக்கி முடித்துவிடுவார்கள். சினிமாவுக்கு அது சரி. ஆனால் சாக்ஸேக்கு எதிராக நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையின் உயிரே போய்விடும்.

நாற்காலி வடிவத்தில் ஒவ்வொரு கார்பனுக்கும் வளையத்துக்கு வெளியே இரண்டு கைகள் மிச்சம். அதில் ஒன்று செங்குத்தாக, மேலேயோ கீழேயோ நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று பக்கவாட்டில் படுத்திருக்கும். கெமிஸ்ட்ரிக்காரர்கள் ஆக்சியல், ஈக்வடோரியல் என்பார்கள். இங்கே நிற்கிற கை, படுத்த கை என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒரே ஒரு குளோரினை ஒட்டுகிறீர்கள். அது நிற்கிற கையிலும் ஒட்டலாம், படுத்த கையிலும் ஒட்டலாம். அப்படியானால் இரண்டு வேறு பொருள் கிடைக்க வேண்டும் அல்லவா? இரண்டு வேறு கொதிநிலை, இரண்டு வேறு குணம். ஆனால் எந்த ஆய்வுக்கூடத்தில் யார் செய்தாலும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பேயரின் தட்டை வளையம் ஒன்றுதான் வரும் என்றது, ஒன்றுதான் வந்தது. சாக்ஸேயின் நாற்காலி இரண்டு என்றது, இரண்டாவதைக் காணோம். அந்தக் காலத்து நீதிபதி யாராக இருந்தாலும் பேயர் பக்கம்தான் தீர்ப்பு எழுதியிருப்பார்.

விடை மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் அறை சீலிங் ஃபேனைப் பாருங்கள். ஓடாதபோது மூன்று இறக்கை. ஐந்தாம் நம்பரில் ஓடும்போது ஒரு தட்டையான வட்டத் தட்டு. ஃபேன் தட்டையாகிவிடவில்லை. நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுப் போகிறது, கண் அதைப் பிரித்துப் பார்க்க முடியாமல் தோற்றுப்போகிறது. சைக்ளோஹெக்சேன் நாற்காலியும் அப்படித்தான். தலைமாடு கால்மாடாகவும், கால்மாடு தலைமாடாகவும் புரண்டுகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை புரளும்போதும் நின்ற கைகள் எல்லாம் படுக்கும், படுத்த கைகள் எல்லாம் எழுந்து நிற்கும். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் ஒரு லட்சம் முறை. இதில் போய் நிற்கிறதைத் தனியாக, படுத்ததைத் தனியாக எப்படிப் பிரித்துப் பாட்டிலில் அடைப்பது?

ஆக சாக்ஸே சொன்ன வடிவம் சரி. அவர் கட்சியில் இல்லாத ஒரே சாட்சி வேகம். எவ்வளவு வேகமாகப் புரள்கிறது என்று அளக்க அன்றைக்கு வழி இல்லை. தட்டை வளையம் சரியான விடை தந்ததும் இதனால்தான். புரளுகிற இரண்டு நாற்காலிகளின் சராசரியை எடுத்தால், எண்ணிக்கைக் கணக்குக்கு அது தட்டை மாதிரியே நடந்துகொள்ளும். தப்பான படம், சரியான கூட்டுத்தொகை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று நினைக்கக் கூடாது என்று ஃபர்ஸ்ட் இயரிலேயே சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே கேஸ்.

இதில் மனதை உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வினை வேகம் வெப்பத்தைப் பொறுத்து எப்படிக் கூடிக் குறைகிறது என்பதற்கு அடிப்படையான கட்டுரையை ஸ்வாந்தே அர்ஹீனியஸ் எழுதியது 1889-ல். சாக்ஸேயின் முதல் கட்டுரைக்கு ஒரு வருடம் முன்னால். சாக்ஸேயின் 1892 கட்டுரை வெளிவந்ததும் அர்ஹீனியஸ் எழுதிய அதே பத்திரிகையில்தான். வடிவமும் வேகமும் மூன்று வருட இடைவெளியில் ஒரே அலமாரியில் நின்றிருக்கும். இரண்டும் ஒன்றுசேர வெகுநாள் ஆனது.

அர்ஹீனியஸ் சொன்னதை டோல்கேட் வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு டோல்கேட். கட்டணம் கட்டினால்தான் அந்தப் பக்கம் போகலாம். மூலக்கூறுகளின் பாக்கெட்டில் உள்ள காசு வெப்பம். எல்லோரிடமும் ஒரே அளவு காசு இருக்காது, முட்டி மோதிக் கை மாறிக்கொண்டே இருக்கும். நாற்காலி புரளக் கட்டணம் மோலுக்குச் சுமார் 45 கிலோஜூல். அறை வெப்பத்தில் அது சில்லறை. ஆனால் வெப்பத்தைக் குறைத்தால் கட்டணம் கட்டக்கூடியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய மாட்டார்கள், மளமளவென்று குறைவார்கள். கூட்டு வட்டியைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சாக்ஸே இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1918-ல், எர்ன்ஸ்ட் மோர் அந்தப் பழைய கட்டுரைகளுக்கு உயிர் கொடுத்தார். அதற்குள் 1913-ல் பிராக் அப்பாவும் மகனும் எக்ஸ்-ரே வைத்து வைரத்தின் உள் கட்டமைப்பைப் பார்த்துவிட்டார்கள். வைரம் முழுக்க கார்பன் நாற்காலிகள், அடுக்கடுக்காக. நகைக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் சாக்ஸே சொன்ன வடிவம் காலங்காலமாக மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. மோர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு வளையங்களை ஒட்டினால் வருகிற டெகலின், இரண்டு விதமாக இருக்க முடியும். 1925-ல் வால்டர் ஹியூக்கல் இரண்டையும் பிரித்துக் காட்டினார். நம் ஊர் சிலபஸில் 'சாக்ஸே-மோர் கொள்கை' என்று ஒரு ஹைஃபன் போட்டு இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த காட்சி நார்வே. ஆட் ஹாசல், ஆஸ்லோ பல்கலைக்கழகப் புரொபசர். வாயுவுக்குள் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அது சிதறுகிற விதத்தை வைத்து மூலக்கூறின் உருவத்தைக் கணக்கிட்டார். ஆம், நாற்காலிதான். நிற்கிற கைக்கும் படுத்த கைக்கும் கிரேக்கத்தில் நிற்பது, படுத்திருப்பது என்று பொருள் வரும் சொற்களின் முதலெழுத்துகளையே குறியாக வைத்தார். பெரிதாக எதையாவது ஒட்டினால் அது படுத்த கையில் இருக்கவே விரும்பும் என்றும் கண்டார். நிற்கிற கையில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர்களோடு இடிபட வேண்டியிருக்கும். ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டினால், எந்த நேரத்தில் பார்த்தாலும் நூற்றுக்குச் சுமார் 95 மூலக்கூறுகளில் அது படுத்திருக்கும், ஐந்தில்தான் நிற்கும்.

இதை அவர் 1943-ல் எழுதியபோது நார்வே ஜெர்மானிய நாஜிகளின் பிடியில் இருந்தது. ஜெர்மன் பத்திரிகைகளில் எழுத மாட்டேன் என்று நார்வே மொழிப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். அந்த மொழி படிக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? சாக்ஸேயை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டது ஒரு கதை. இவர் தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தார். அதே 1943 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, 1944 நவம்பரில்தான் வெளியே வந்தார். ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள கிரினி முகாமில் இருந்தார். அதே முகாமில் அடைபட்டிருந்த இன்னொரு புரொபசரை காமர்ஸ் மக்கள் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். ராக்னர் ஃப்ரிஷ். ஈகானமெட்ரிக்ஸ் என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 1969-ல் முதல்முறையாகப் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு கொடுத்தபோது யான் டின்பெர்கனோடு சேர்ந்து வாங்கியவர். அதே 1969-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஹாசல். ஒரே முள்வேலிக்குள் இருந்த இரண்டு பேர், கால் நூற்றாண்டு கழித்து ஒரே வருடத்துப் பட்டியலில்.

ஹாசலோடு பரிசைப் பகிர்ந்தவர் டெரெக் பார்ட்டன், இங்கிலாந்துக்காரர். 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு ஒரு வருடத்துக்கு வந்திருந்தார். விடுப்பில் போயிருந்த ராபர்ட் உட்வர்டுக்குப் பதிலாகப் பாடம் எடுக்கிற வேலை. அப்போது ஸ்டீராய்டு என்றால் அவ்வளவு பரபரப்பு. கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிகளை எழுப்பி நடக்க வைக்கிறது என்ற செய்தி 1949-ல்தான் வெளியானது. ஸ்டீராய்டு நிபுணர் லூயி ஃபீஸரும் ஹார்வர்டில்தான் இருந்தார். அவர் ஒரு செமினாரில் ஒரு புதிரைப் போட்டார். ஒரே ஸ்டீராய்டில் இந்த இடத்தில் உள்ள தொகுதி வேகமாக வினைபுரிகிறது, அந்த இடத்தில் உள்ளது ஆமை வேகம், ஏன்?

பார்ட்டனுக்குப் பொறி தட்டியது. ஸ்டீராய்டில் நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கொலஸ்ட்ரால் மாதிரியானவற்றில் அந்த நாற்காலிகள் புரளவே முடியாது, பூட்டு விழுந்துவிட்டது. அதாவது இங்கே ஃபேன் நின்றுவிட்டது. இறக்கை எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். நிற்கிற கையில் இருப்பது எது, படுத்த கையில் இருப்பது எது என்று குறித்துக்கொண்டு வினை வேகங்களைப் பக்கத்தில் வைத்தால், பல வருடமாகக் குவிந்து கிடந்த விடை தெரியாத எண்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. 1950-ல் நான்கு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். நான்கே பக்கம்!

அதில் ஒரு வேடிக்கை. நிற்கிற கையில் உள்ள ஆல்கஹால் தொகுதிக்கு எஸ்டராக மாறுவது கஷ்டம், மெதுவாக நடக்கும். ஆனால் குரோமிக் அமிலம் ஊற்றி ஆக்சிஜனேற்றம் செய்தால் அதுதான் முதலில் மாறும். ஒரே ஆள் ஒரு வேலையில் சோம்பேறி, இன்னொன்றில் சுறுசுறுப்பு. கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நெரிசலில் நிற்பவரிடம் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது கஷ்டம். அதே ஆள்தான் ஸ்டாப்பிங் வந்ததும் முதலில் இறங்கத் துடிப்பார். எஸ்டராவது மூட்டை வாங்குவது, ஆக்சிஜனேற்றம் இறங்குவது. நெரிசல் ஒன்றே, விளைவு இரண்டு.

இனி வாக்குக் கொடுத்த புதினா. தலைவலித் தைலத்தில் சில்லென்று இருக்கிற மெந்தால், சைக்ளோஹெக்சேன் வளையம்தான். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் வயல் வயலாக விளைகிற மெந்தா செடியிலிருந்து வருகிறது. எம்.சி.எக்ஸில் மெந்தா ஆயில் ஃப்யூச்சர்ஸ் விலை ஏறி இறங்கியதைப் பார்த்த காமர்ஸ் மக்களும் இருப்பீர்கள். மெந்தால் வளையத்தில் மூன்று தொகுதிகள், மூன்றும் ஜம்மென்று படுத்திருக்கின்றன. அதன் ஓ.எச். இருக்கிற இடத்தில் குளோரினை வைத்தால் மெந்தைல் குளோரைடு. அந்தக் குளோரினை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் நியோமெந்தைல் குளோரைடு. அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே. இரண்டையும் சோடியம் எத்தாக்சைடோடு வினைபுரியவிட்டால் நியோ சுமார் 200 மடங்கு வேகமாகக் குளோரினைக் கழற்றிவிடுகிறது. ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு இன்னொருவர் எட்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்!

காரணம், இந்த வினையில் குளோரின் நிற்கிற கையில் இருக்க வேண்டும். பக்கத்துக் கார்பனில் கழலப்போகிற ஹைட்ரஜனும் அதற்கு எதிர்த் திசையில் நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே. நியோவில் குளோரின் ஏற்கெனவே நிற்கிறது. மெந்தைலில் அது படுத்திருக்கிறது. அதை எழுப்ப வேண்டுமென்றால் மொத்த நாற்காலியும் புரள வேண்டும், அப்போது மற்ற இரண்டும் சேர்ந்து எழுந்து நின்று பக்கத்தில் நிற்பவர்களோடு இடிபடும். புரளுவது தாமதமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள், பரீட்சையில் நிறைய பேர் தப்பு விடுவது அங்கேதான். புரளுவது நொடியில் நடந்துவிடும். ஆனால் புரண்ட உடனே திரும்பிப் படுத்துவிடுகிறது. நின்றிருக்கும் நேரம் மொத்தத்தில் அவ்வளவு சொற்பம். வேலைக்கு வருகிறார், வந்த வேகத்தில் பஞ்ச் போட்டுவிட்டுப் போய்விடுகிறார் :-)

சாக்ஸேக்கு எதிரான அந்தப் பழைய கேள்வி இன்னும் பாக்கி. இரண்டாவது பொருள் எங்கே?

1966-ல் அமெரிக்காவில் ஜென்சனும் புஷ்வெல்லரும் குளோரோசைக்ளோஹெக்சேனை எடுத்தார்கள். ஒற்றைக் குளோரின், இரண்டு விதமாக இருக்க வேண்டியது, ஒன்றாக மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தது. சுமார் மைனஸ் 150 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். டோல்கேட் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குளிரில் கட்டணம் கட்ட யாரிடமும் காசில்லை. கரைசலிலிருந்து படிகம் இறங்கியது. படிகத்தில் இருந்தது முழுக்கக் குளோரின் படுத்திருக்கும் வகை மட்டும். நின்றிருக்கும் வகை கரைசலிலேயே பிரிந்து நின்றது. அறை வெப்பத்தில் இதே மூலக்கூறுகளில் பாதி புரண்டு மாறிவிட ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். மைனஸ் 160 டிகிரியில் அதற்கு 22 வருடம் ஆகும்.

சாக்ஸே இறந்து அப்போது 73 வருடம் ஆகியிருந்தது.

பி.கு: பார்ட்டனின் அப்பாவும் தாத்தாவும் தச்சர்கள். அப்பா 1935-ல் திடீரென்று இறந்துபோக, படிப்பை விட்டுவிட்டு இரண்டு வருடம் குடும்பத்து மரக்கடையைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பார்ட்டன் கெமிஸ்ட்ரி பக்கம் வந்தார்.